காற்றுக்குக் காத்திருந்த கலங்கள்

பாய்மரக் கப்பலின் வரலாற்றைக் கூறுவோர் பெரும்பாலும் அது ஓடிய நாட்களையே கூறுவர். அது ஓடாது நின்ற நாட்களைப் பற்றிக் கூறுவோர் மிகச் சிலர். ஆயினும், நீராவிப் பொறி கடலுக்கு வருமுன்னர், ஒரு கலத்தின் வாழ்நாளில் கணிசமான பகுதி ஏதோவொரு துறையிலே நங்கூரம் இட்டு, பாயைச் சுருட்டி, நல்ல காற்றை எதிர்பார்த்திருப்பதிலேயே கழிந்தது. அவ்வாறு காத்திருந்த நாட்கள் வீணாகிய நாட்கள் அல்ல. எப்பொழுது புறப்படலாகாது என்பதை அறிந்தவனே சிறந்த மாலுமி எனப்பட்டான். அந்த அறிவைப் பெறாதவன் எத்துணை வீரனாயினும் கடல் அவனை மன்னித்ததில்லை.

காத்திருத்தலுக்கு மற்றொரு முகமும் உண்டு. கடலில் ஓடும் கலம் எவருக்கும் கட்டுப்பட்டதன்று. கரையொதுங்கிய கலமோ கரையில் உள்ளவரின் கையிலே இருக்கின்றது. புயலுக்கு அஞ்சி ஒரு துறைக்குள் நுழைபவன் தன் பொருளையும் உயிரையும் அந்நாட்டாரின் நேர்மையை நம்பியே ஒப்படைக்கின்றான். ஆதலால், காற்றுக்குக் காத்திருந்த கப்பல்களின் கதை மாலுமிகளின் திறமையைப் பற்றிய கதை மட்டுமன்று. கரையில் வாழ்ந்தோரின் பண்பைப் பற்றிய கதையும் அதுவே. இலங்கைத் தீவின் கரையோரம் இவ்விரண்டுக்கும் சான்று பகருகின்றது.

இந்து சமுத்திரத்தின் வடபகுதியை ஆள்பவை இரண்டு காற்றுக்கள். வைகாசி தொடக்கம் புரட்டாதி வரை தென்மேற்கிலிருந்து ஒரு காற்று வீசும். இதனைச் சோளகம் என்று வடபுலத்து மக்கள் வழங்குவர். கார்த்திகை தொடக்கம் மாசி வரை வடகிழக்கிலிருந்து மற்றொரு காற்று வீசும். இது வாடை. கோடையிலே ஆசியாவின் பெருநிலப்பரப்பு கடலிலும் பார்க்க விரைவாகச் சூடேறுகின்றது. அங்கே வளி இலேசாகி மேலெழ, கடலின் வளி அவ்விடத்தை நிரப்ப ஓடுகின்றது. மாரியிலே நிலம் விரைவாகக் குளிர்ந்துவிட, காற்றின் திசையும் மாறிவிடுகின்றது. இவ்விரு பருவங்களுக்கும் இடையே, பங்குனி சித்திரையிலும் ஐப்பசியிலும், காற்றுத் திசை மாறித் தளம்பும் காலங்கள் உண்டு. கரையோர மக்கள் இவற்றை மட்டுமன்றி மேற்கே இருந்து வரும் கச்சானையும் கிழக்கே இருந்து வரும் கொண்டலையும் வேறு பிரித்து அறிவர்.

இவ்விரு காற்றுக்களின் நடுவே இலங்கை நிற்கின்றது. சோளகம் வீசும்போது மேற்குக் கரையிலே அலை மோதும். கீழ்க்கரையிலே கடல் அமைதியாக இருக்கும். வாடை வீசும்போது வடக்கும் கிழக்கும் கொந்தளிக்கும். மேற்கும் தெற்கும் ஒதுக்காகும். அதாவது, எக்காலத்திலும் இத்தீவின் ஏதோவொரு பக்கம் கப்பலுக்குப் புகலிடமாக அமைகின்றது. மேற்கே அரபு நாட்டிலிருந்தும் கிழக்கே சாவகம், சீனம் ஆகிய நாடுகளிலிருந்தும் வந்த கலங்கள் இங்கே தங்கிச் சென்றதற்கு முத்தும் மணியும் மட்டும் காரணமல்ல. இத்தீவின் இருப்பிடமே அவற்றை அழைத்தது.

இத்தீவின் மாலுமிகளைப் பற்றி நமக்குக் கிடைக்கும் பழைய குறிப்புக்களுள் ஒன்று உரோமாபுரியிலிருந்து வருகின்றது. கி. பி. 79இல் வெசூவியசு எரிமலையின் சீற்றத்தின்போது உயிர் நீத்த பிளினி என்னும் அறிஞர், தம்முடைய இயற்கை வரலாற்று நூலிலே இலங்கையைப் பற்றி விரிவாக எழுதியுள்ளார். இலங்கைக்கும் இந்தியாவுக்கும் இடையிலுள்ள கடல் ஆழங் குறைந்தது என்றும், ஆயினும் சில வாய்க்கால்களிலே நங்கூரம் நிலத்தைத் தொடாத அளவுக்கு ஆழம் உண்டு என்றும் அவர் கூறுகின்றார். அந்த ஒடுங்கிய வழியிலே கலத்தைத் திருப்புதல் அரிது ஆகையால், இரு முனைகளிலும் முகப்பு அமைத்துக் கப்பல் கட்டினர் என்பதும் அவர் தரும் செய்தி. மாலுமிகள் விண்மீன்களைப் பார்த்துத் திசை அறிவதில்லை. பறவைகளைக் கூட எடுத்துச் சென்று, அவற்றை இடையிடையே பறக்கவிட்டு, அவை நிலம் நாடிச் செல்லும் திசையைப் பின்பற்றினர் என்றும் எழுதியுள்ளார்.

இவை எல்லாவற்றிலும் முக்கியமான செய்தி ஒன்று உண்டு. அவர்கள் ஆண்டிலே நான்கு மாதங்களுக்கு மேல் கடலோடுவதில்லை. சூரியன் வடகோடியை அடையும் நாளிலிருந்து நூறு நாட்களை அவர்கள் சிறப்பாகத் தவிர்த்தனர். அக்காலத்திலே அக்கடல் கொந்தளிக்கும் என்கின்றார் பிளினி. சூரியன் வடகோடியை அடைவது யூன் 21ஆம் நாளளவில். அதிலிருந்து நூறு நாட்கள் என்றால் செத்தெம்பர் மாத இறுதி. சோளகம் கடுமையாக வீசும் காலம் அதுவே. பின்னர் வருவது வங்கக் கடலின் புயற் காலம். அவ்விரண்டையும் கழித்தால், எஞ்சுவது தை முதல் சித்திரை வரையுள்ள நான்கு மாதங்களே. பிளினி அம்மாதங்களின் பெயரைக் கூறவில்லை. ஆயினும் அவர் தந்த கணக்கு இக்கரையின் காற்றோடு வியக்கத்தக்க வகையிலே பொருந்துகின்றது. ஆண்டிலே எட்டு மாதங்கள் பொறுத்திருக்கக் கற்றவர்களின் கணக்கு அது.

செங்கடலிலிருந்து வந்த வணிகரும் இப்பாடத்தையே கற்றனர். நடுக்கோடையிலே எகிப்திலிருந்து புறப்பட்டால், சோளகத்தின் துணைகொண்டு அரபுக் கடலை நேராகக் கடந்து முசிறித் துறையை அடையலாம். ஆனால் அதே காற்றைக்கொண்டு திரும்பிச் செல்லுதல் இயலாது. மார்கழியிலோ தை முற்பகுதியிலோ வாடை நிலைபெற்ற பின்னரே அவர்கள் திரும்பினர். இடைப்பட்ட மாதங்களிலே அவர்கள் மிளகு வாங்கினர், மொழி கற்றனர், கரையில் வாழ்ந்தோரோடு உறவு கொண்டனர். தமிழ் மக்களும் காற்றின் பயனை அறியாதவர் அல்லர். காற்றைத் தொழில் கொண்டு கடலிலே நாவாய் செலுத்தியவரின் வழிவந்தவன் என்று கரிகாற் சோழனை வெண்ணிக் குயத்தியார் பாடியமை புறநானூற்றிலே உள்ளது.

காலம் தவறியவரின் நிலை யாது? இதற்குச் சீன நாட்டுத் துறவியாகிய பாகியனின் பயணமே விடை கூறும். ஐந்தாம் நூற்றாண்டின் தொடக்கத்திலே, கங்கைக் கழிமுகத்தை அடுத்த தாம்பிரலித்தித் துறையிலிருந்து மாரிக்காலத் தொடக்கத்தில் அவர் ஒரு வணிகக் கப்பலில் ஏறினார். காற்று வாய்ப்பாக இருந்தது. இரவும் பகலுமாகப் பதினான்கு நாட்களில் இலங்கையை அடைந்தார். இங்கே இரண்டு ஆண்டுகள் தங்கிப் பௌத்த நூல்களைத் தேடிப் பெற்றார். பின்னர், இருநூறு பேருக்கு மேற்பட்டோர் ஏறிய பெரிய கலமொன்றிலே நாடு திரும்பப் புறப்பட்டார். அதன் பின்னே ஒரு சிறு தோணியும் கட்டப்பட்டிருந்தது.

இரண்டு நாட்கள் காற்று நன்றாக வீசியது. மூன்றாம் நாளளவிலே பெரும் புயல் எழுந்தது. கப்பலில் ஓட்டை விழுந்து நீர் புகுந்தது. வணிகர் சிறு தோணிக்குள் பாய முயன்றனர். தோணியில் இருந்தவரோ, எல்லாரும் ஏறினால் அது அமிழ்ந்துவிடும் என்று அஞ்சிக் கயிற்றை அறுத்துவிட்டனர். கப்பலில் எஞ்சியோர் தம் பண்டங்களைக் கடலிலே எறிந்தனர். பாகியன் தம்முடைய நீர்க்குடத்தையும் கைகழுவும் பாத்திரத்தையும் எறிந்தார். தாம் தேடிய நூல்களையும் படிமங்களையும் எறிந்துவிடுவரோ என்பதே அவருடைய பெருங்கவலை. பதின்மூன்று நாட்களின் பின் ஒரு தீவின் கரையை அடைந்து, வற்றுநீரிலே ஓட்டையை அடைத்து, மீண்டும் புறப்பட்டனர். ஏறக்குறையத் தொண்ணூறு நாட்களின் பின்னர் யாவா எனவோ சுமாத்திரா எனவோ கருதப்படும் ஒரு நாட்டை அடைந்தனர். அங்கே ஐந்து மாதங்கள் தங்கியிருந்தே பாகியன் மற்றொரு கப்பல் ஏறினார். அவசரமாகச் சென்ற பாதையில் உயிர் ஊசலாடியது. பொறுமையாகத் தங்கிய ஐந்து மாதங்களே அவரைத் தாயகத்துக்குக் கொண்டு சேர்த்தன.

இத்தகைய துன்பங்களை அறிந்த ஒரு மன்னன் கரையிலே ஒரு நீதியை நிறுவினான். கி. பி. 1153 முதல் 1186 வரை பொலன்னறுவையிலிருந்து ஆண்ட முதலாம் பராக்கிரமபாகு மன்னனின் தமிழ்ச் சாசனம் ஒன்று நயினாதீவிலே நாகபூசணி அம்மன் கோயிலில் உள்ளது. பரதேசிகள் ஊராத்துறையிலே வந்து தங்கலாம், அவர்கள் பாதுகாக்கப்படல் வேண்டும், பல துறைகளில் இருந்தும் வணிகர் நம் துறையிலே கூடவேண்டும் என்று அச்சாசனம் கூறுகின்றது. ஊராத்துறை என்பது இன்று ஊர்காவற்றுறை எனப்படும் துறையே. யானையும் குதிரையும் கொண்டுவந்த கப்பல் உடைந்தால் அவற்றுள் நாலில் ஒரு பங்கைப் பண்டாரம் எடுக்க, எஞ்சிய மூன்று பங்கும் உடையவனைச் சேரும். பிற வாணிகப் பண்டங்கள் கொண்டுவந்த கலம் உடைந்தால் சரிபாதி பண்டாரத்துக்கும் சரிபாதி உடையவனுக்கும் உரியன.

இந்நீதியின் பெருமையை உணர்வதற்கு அக்காலத்தின் வழக்கத்தை எண்ணிப் பார்த்தல் வேண்டும். உடைந்த கப்பலின் பொருள் கரையில் உள்ளவனுக்கே என்பது உலகின் பல துறைகளிலே வழக்காக இருந்தது. கடல் கொடுத்ததைக் கரை எடுத்துக்கொண்டது. அவ்வாறு எடுப்பது வழக்கமாகிய இடத்திலே எந்தக் கப்பலும் விரும்பித் தங்காது. யானையும் குதிரையும் மன்னனுக்கு வேண்டியிருந்தன. ஆதலால் அவற்றைக் கொண்டு வருவோருக்குக் கூடிய பங்கை விட்டான். இங்கே அறமும் அரச நலமும் கைகோத்து நிற்கின்றன. சிங்கள மன்னனின் ஆணை தமிழிலே பொறிக்கப்பட்டமையும் நோக்கத்தக்கது. யாருக்குச் சொல்லவேண்டுமோ அவர்களின் மொழியிலே சொல்லப்பட்டது.

பதினான்காம் நூற்றாண்டிலே இபின் பதூதா என்னும் மொரோக்கோ நாட்டு யாத்திரிகர் கண்ட அனுபவமும் இங்கே நினைக்கத்தக்கது. அவர் 1344ஆம் ஆண்டிலே மாலைதீவிலிருந்து சோழமண்டலக் கரையாகிய மாபாரை நோக்கிப் புறப்பட்டார். காற்று அவருடைய கலத்தை இலங்கைக்குத் தள்ளியது. வானத்திலே புகைத்தூண் போலத் தோன்றிய மலையைக் கண்டனர். அக்கரை ஆரியச் சக்கரவர்த்தியின் ஆட்சிக்கு உட்பட்டது என்று அறிந்த மாலுமிகள் உள்ளே நுழைய அஞ்சினர். வணிகர் அச்சமின்றிச் செல்லும் துறை அதுவன்று என்றனர். ஆனால் காற்று வலுத்தது. கடலுக்கு அஞ்சுவதா, கரைக்கு அஞ்சுவதா என்னும் கேள்வி எழுந்தது. இபின் பதூதா முதலிற் கரையிறங்கினார். புத்தளம் எனக் கருதப்படும் அவ்விடத்திலே மன்னன் அவரை வரவேற்றான், பாரசீக மொழியிலே உரையாடினான், முத்துக்களைக் காட்டினான், பாவாத மலைக்குச் செல்லப் பல்லக்கும் துணையாட்களும் கொடுத்தான். அஞ்சிய கரை விருந்தளித்தது. ஆனால் இங்கிருந்து மீண்டும் புறப்பட்டபோது, மாபார்க் கரையை நெருங்கும் வேளையிலே புயலில் அகப்பட்டு, பாய்மரத்தை வெட்டி வீழ்த்தும் நிலைக்கு அக்கலம் ஆளாயிற்று.

பல நாட்டார் ஒரே துறையிலே கூடியதன் மற்றொரு சின்னம் காலியிலே 1911ஆம் ஆண்டு கண்டெடுக்கப்பட்டது. சீன நாட்டுக் கடற்படைத் தலைவர் செங் கோவின் பயணத்தோடு தொடர்புடைய அக்கல் 1409ஆம் ஆண்டுத் திகதியைக் கொண்டது. சீனம், தமிழ், பாரசீகம் என்னும் மூன்று மொழிகளிலே அது பொறிக்கப்பட்டுள்ளது. சீன வாசகம் புத்தருக்கும், தமிழ் வாசகம் தெனவரை நாயனாருக்கும், பாரசீக வாசகம் அல்லாவுக்கும் அளித்த காணிக்கைகளைக் கூறுகின்றது. கடலைக் கடக்கும் மனிதன் எந்தச் சமயத்தவனாயினும் நல்ல காற்றை வேண்டியே கைகூப்புகின்றான் என்பதை அக்கல் சொல்லாமற் சொல்லுகின்றது.

எல்லாக் கரைகளும் எக்காலத்திலும் ஒரே தன்மையாய் இருந்தன என்று கூறுதல் உண்மையாகாது. 1659ஆம் ஆண்டு நவம்பர் மாதம் 19ஆம் நாள், சோழமண்டலக் கரையிலே நின்ற "ஆன்" என்னும் ஆங்கிலக் கப்பலைப் புயல் தாக்கியது. நடுப்பாய்மரத்தை வெட்டி வீழ்த்தியே கப்பலைக் காத்தனர். புதிய பாய்மரம் அமைப்பதற்காக அது திருகோணமலையை அடுத்த கொட்டியாரக் குடாவுக்கு வந்தது. தலைவராகிய முதிய உறொபேட் நொக்சும், அவருடைய மகனும், வேறு மாலுமிகளும் கண்டி மன்னனின் ஆட்களாற் பிடிக்கப்பட்டனர். போர்த்துக்கேயராலும் ஒல்லாந்தராலும் அலைக்கழிக்கப்பட்ட இரண்டாம் இராசசிங்கன் அந்நியக் கப்பலை ஐயத்தோடு நோக்கியதிலே வியப்பில்லை. தந்தை நோயுற்று இறந்தார். மகன் ஏறக்குறைய இருபது ஆண்டுகள் மலைநாட்டிலே சிறைப்பட்டு, 1679இல் அரிப்புக் கோட்டைக்குத் தப்பி வந்தார். 1681இல் அவர் வெளியிட்ட நூல் அக்கால இலங்கையை அறிவதற்கு அரிய கருவூலமாக விளங்குகின்றது. பாய்மரம் ஒன்று முறிந்ததன் விலை ஒரு மனிதனின் இளமை முழுவதுமாக ஆயிற்று.

பின்னர் வந்த ஐரோப்பிய வல்லரசுகளின் போர்களும் இக்காற்றுக்கே கட்டுப்பட்டன. சென்னை தொடக்கம் நாகபட்டினம் வரை உள்ள கரையிலே வாடைப் புயலுக்கு ஒதுங்கத்தக்க ஆழமான துறைமுகம் அக்காலத்தில் இல்லை. 1746ஆம் ஆண்டு இலபோர்தனே என்னும் பிரெஞ்சுத் தலைவர் சென்னையைக் கைப்பற்றினார். ஆனால் ஒக்தோபர் மாதத்திலே அங்கு தங்கிநின்ற அவருடைய கப்பல்களைப் புயல் சிதறடித்தது. பீரங்கிகள் வென்றதைக் காற்று ஓர் இரவிலே குலைத்தது. இதனாலேயே, இயற்கை அரணாக அமைந்த திருகோணமலைத் துறைமுகத்துக்காக வல்லரசுகள் போட்டியிட்டன. 1782ஆம் ஆண்டின் தொடக்கத்தில் ஆங்கிலேயர் அதனை ஒல்லாந்தரிடமிருந்து கைப்பற்றினர். ஓகத்து இறுதியிலே பிரெஞ்சுத் தளபதி சுப்ரன் அதனைப் பிடித்தார். செத்தெம்பர் 3ஆம் நாள் அத்துறைக்கு வெளியே இரு கடற்படைகளும் பொருதின. வெற்றி எவருக்கும் முழுமையாகக் கிட்டவில்லை. மாரிகாலம் நெருங்கவே, ஆங்கிலத் தளபதி கியூசு பம்பாய்க்கும் சுப்ரன் சுமாத்திராவின் அச்சின் துறைக்கும் சென்று ஒதுங்கினர். பகைவர் இருவரும் பணிந்த ஒரே அரசு காற்றின் அரசே.

வடபுலத்து மக்களின் கடலோட்டமும் இதே ஒழுங்கில் நடைபெற்றது. வல்வெட்டித்துறைக் கப்பல்கள் நாகபட்டினத்துக்கும் பர்மாவின் துறைகளுக்கும் சென்றுவந்தன. சோளகம் கலத்தை வடகிழக்கே பர்மாவை நோக்கி இழுத்துச் செல்லும். வாடை அதனை வீடு நோக்கித் திருப்பும். இடையிலே நிற்பது ஐப்பசி கார்த்திகைப் புயல். தண்டையல் ஒருவன் அந்த இரண்டு மாதங்களை எவ்வாறு கணித்தான் என்பதிலேயே பல குடும்பங்களின் வாழ்வு தங்கியிருந்தது. அவ்வூரிலே கட்டப்பட்ட அன்னபூரணி என்னும் கப்பல் 89 அடி நீளமுடையது. அமெரிக்கரான உறொபின்சன் அதனை வாங்கித் தம் மனைவியின் பெயரைச் சூட்டினார். வல்வெட்டித்துறை மாலுமிகள் அதனைச் செலுத்திச் சென்றனர். சூயசுக் கால்வாயையும் மத்தியதரைக் கடலையும் அத்திலாந்திக் சமுத்திரத்தையும் கடந்து, 1938ஆம் ஆண்டு ஓகத்து மாதம் அமெரிக்காவின் குளொசெத்தர் துறையை அது அடைந்தது. தம் ஊர்க் காற்றைக் கணித்தவர்கள் பிறநாட்டுக் காற்றையும் கணித்தனர்.

நீராவியும் எண்ணெய்ப் பொறியும் வந்தபின், கப்பல் காற்றுக்குக் காத்திருந்த காலம் மறைந்தது. வானிலை நிலையங்களும் செய்மதிகளும் புயலின் வரவை முன்னரே அறிவிக்கின்றன. ஆயினும் காற்று தன் வழக்கத்தை மாற்றவில்லை. 1964ஆம் ஆண்டு திசெம்பர் 22ஆம், 23ஆம் நாட்களில் வட இலங்கையைத் தாக்கித் தனுக்கோடியை அழித்த புயல், பழைய மாலுமிகள் அஞ்சிய அதே பருவத்திலேயே வந்தது. சோளகம் தொடங்கியதும் மேற்குக் கரை மீனவர் தம் வள்ளங்களோடு கீழ்க்கரைக்குச் சென்று வாடி அமைக்கின்றனர். காலம் மாறியதும் திரும்புகின்றனர். பிளினியின் நாட்களில் நூறு நாட்களை எண்ணியிருந்தோரின் அறிவு இவ்வாறு உயிரோடு இருக்கின்றது.

காற்றை மாற்றும் வல்லமை எந்த மன்னனுக்கும் இருந்ததில்லை. காற்றினால் ஒதுக்கப்பட்டவனை எவ்வாறு நடத்துவது என்பது மட்டும் கரையில் உள்ளோரின் கையில் இருந்தது. கொட்டியாரத்திலே ஒரு கப்பலின் மக்கள் சிறைப்பட்டனர். புத்தளத்திலே ஓர் அந்நியனுக்குப் பல்லக்குக் கொடுக்கப்பட்டது. ஊராத்துறையிலோ, அந்நியனின் உடைமை எவ்வளவு அவனைச் சேரவேண்டும் என்பது கல்லிலே வெட்டப்பட்டது. விருந்தும் சிறையும் ஒரு மன்னனின் மனநிலையைப் பொறுத்தவை. கல்லிலே வெட்டிய நீதியோ, முகமறியாத மாலுமி ஒருவன் அடுத்த பருவக் காற்றுக்கும் அச்சமின்றிக் காத்திருப்பதற்கு இடமளித்தது.